இறந்தவள் பெயரை நீக்கும் முன்: நீலகிரி வருவாய் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தின் வட்டாட்சியர்கள், வருவாய் ஆய்வாளர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். இருபத்தெட்டு வருடமாக இந்த மலையில் சார்பதிவாளர் அலுவலக வாசல்களில் உட்கார்ந்து கிரயம், தானம், விடுதலை, உயில் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்து இல்லாமல் என் பிழைப்பு ஓடாது. உங்களைப் பகைத்துக்கொள்ள இதை எழுதவில்லை. இறந்த ஒரு பெண்ணின் பெயர் பட்டாவிலிருந்து நீக்கப்பட்ட கதை இது. எந்த வட்டத்தில் நடந்தது என்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது ஓர் அலுவலகத்தின் மீதான புகாராகிவிடும். மற்ற ஐந்து வட்டத்துக்காரர்களும் நமக்கென்ன என்று இருந்துவிடுவார்கள்.

விஷயம் என்னிடம் முதலில் வந்தது தப்பான பக்கத்திலிருந்து. புரோக்கர் ஒருவர் ஒரு மனிதரைக் கூட்டிவந்து கிரய ஒப்பந்தம் எழுத வேண்டும் என்றார். 42 சென்ட் தேயிலை, உள்ளே ஓர் ஓட்டு வீடு. காகிதங்களைப் பார்த்தேன். 2012-ல் எழுதிய மூலப் பத்திரத்தில் வாங்கியவர்கள் இரண்டு பேர், கணவனும் மனைவியும். முன்பு கூட்டுப் பட்டா. இப்போது பட்டாவில் கணவன் மட்டும். மனைவி இறந்துவிட்டார், வயது 34. வாரிசுச் சான்றிதழில் கணவன், மகள், மகன் என்று மூன்று பேர். பிள்ளைகள் இருவரும் மைனர். "தனக்காகவும் மைனர் மக்களின் இயற்கைக் கார்டியன் என்ற முறையிலும்" என்று போட்டு எழுதிவிடுங்கள் என்றார் புரோக்கர். அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். ஆயிரம் முறையாவது எழுதியிருப்பேன்.

முப்பத்து நாலு வயதில் என்ன நோவு என்று சும்மா கேட்டுவைத்தேன். மனிதர் பதில் சொல்லவில்லை. புரோக்கர்தான், "அது ஒரு கேஸ் ஓடிட்டிருக்கு, நீங்க எழுதுங்க" என்றார்.

கேஸ் என்றால் கொலை கேஸ். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் கணவர்தான். ஜாமீனில் வெளியே வந்திருக்கிறார்.

நான் எழுதவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அடுத்த தெருவில் எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். எஸ்டேட்டில் கொளுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் அவரோடு எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கிறார்கள். புதுப் பட்டாவை என் மேசையில் விரித்து, "அய்யா, எம்புள்ள பேரு எங்க போச்சு?" என்றார். பழைய பட்டாவில் இன்னாரின் மனைவி இன்னார் என்று இருந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் எத்தனை வரி இருந்தது என்று தெரியும். இரண்டு வரி ஒரு வரியாகியிருந்தது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 25: கொலை செய்தவரோ அதற்கு உடந்தையாக இருந்தவரோ, கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. பிரிவு 27: அப்படித் தகுதி இழந்தவர், சொத்துக்காரருக்கு முன்பே செத்துப்போனவராகக் கருதப்படுவார். இதெல்லாம் புதிதும் அல்ல. 1924-லேயே, அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், கொன்றவனை வாரிசு வரிசையில் இல்லாதவனாகவே கொள்ள வேண்டும், அவன் வழியாக வேறு யாரும் உரிமை கேட்கவும் முடியாது என்று சொல்லிவிட்டது. சாஸ்திரத்தில் இருக்கிறதா இல்லையா என்ற வாதத்துக்கு, நீதி, நியாயம், நல்மனசாட்சி போதும் என்பதே அதன் பதில். 2005-ல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம் அதே வழியில் போனது. தகப்பனைக் கொன்ற மகனுக்குச் சொத்து இல்லை. அந்த மகனுடைய மனைவி என்ற முறையில் பங்கு கேட்ட பெண்ணுக்கும் இல்லை என்றது.

நம் வழக்கில் பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அவர்கள் அப்பா வழியாகக் கேட்கவில்லை. அம்மாவின் பங்குக்கு அவர்களே நேர் வாரிசுகள். அப்பா விலகினால் அந்தப் பங்கு முழுவதும் அவர்கள் இருவருக்கும்தான்.

அப்படியானால் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். சொத்து இரண்டு பேர் பெயரில் இருந்ததுதான் பிரச்சினை. பிரிவு 25 தடுப்பது, இறந்தவளிடமிருந்து வர வேண்டியதை மட்டும். கணவருக்கு ஏற்கெனவே சொந்தமான பங்கை அது தொடாது. கொலைக்குத் தண்டனையாக ஒருவரின் சொந்தப் பாதியைப் பிடுங்கச் சட்டம் இல்லை. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 300ஏ சொல்கிறது. கேள்விப்பட்ட அன்று எனக்கும் ரத்தம் கொதித்தது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பாதியை நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றும் நினைக்கிறேன். இன்றைக்கு அவரிடமிருந்து பிடுங்கப் பழகினால், நாளைக்கு யாரிடம் என்று யார் சொல்வது?

ஆனால் அது பாதிதானா என்பது வேறு கேள்வி. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 45-ஐப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். இரண்டு பேர் சேர்ந்து விலை கொடுத்து வாங்கினால், அவரவர் போட்ட பணத்தின் அளவுக்குத்தான் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லாதபோதுதான் சரிபாதி என்று ஊகம். அந்த அம்மாவின் மஞ்சள் பையில் நகையை அடகுக்கடையில் மீட்டு விற்ற சீட்டு ஒன்றும், மகள் தையல் வேலையில் கட்டிய ஏலச்சீட்டுப் புத்தகமும் இருந்தன. தேதி கிரயத்துக்கு ஒரு மாதம் முன்பு. பதின்மூன்று வருடமாக அதை ஏன் வைத்திருந்தீர்கள் என்றேன். "அவதான் குடுத்து வெக்கச் சொன்னா" என்றார். அந்தப் பெண் எதை நினைத்துக் கொடுத்து வைத்தாளோ.

பிரிக்காத சொத்தில் வேறொரு கொடுமை உண்டு, இது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிழக்கே உனக்கு, மேற்கே எனக்கு என்பதெல்லாம் பாகப் பிரிவினைக்குப் பிறகுதான். அதுவரை ஒவ்வொரு செடியிலும் கணவருக்குப் பங்கு, ஒவ்வொரு செடியிலும் பிள்ளைகளுக்குப் பங்கு. வீடும் அப்படியே. சமையல்கட்டிலும் பங்கு உண்டு, திண்ணையிலும் உண்டு. ஜாமீனில் வந்தவர் அந்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் அம்மா செத்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, லயத்திலேயே இருக்கிறார்கள். பாகப் பிரிவினை வழக்கு போட்டால், 1893-ம் ஆண்டின் பாகப் பிரிவினைச் சட்டப்படி, பிரிப்பது நியாயமாக இராது என்று கோர்ட் நினைத்தால், பாதி பங்குள்ளவர் விற்றுப் பணமாகப் பங்கிடக் கேட்கலாம். மற்றவர்கள் மதிப்புக் கட்டிய விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற பிள்ளைகள் என்ன பணத்தை வைத்து வாங்குவார்கள்?

இங்கிலாந்தில் ஒரு வகைக் கூட்டுடைமை உண்டு. அதில் ஒருவர் போனால் மற்றவர் முழுவதையும் எடுத்துக்கொள்வார், வாரிசுக்கே இடமில்லை. அங்கேகூட ஒருவர் மற்றவரைக் கொன்றால் அந்தக் கூட்டு முறிந்துவிட்டதாகவே கொள்கிறார்கள்; செத்தவரின் பங்கு கொன்றவருக்குப் போகாது. நம் ஊரில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கும் நிலத்தில், பத்திரத்தில் தனியாக எழுதினால் ஒழிய, உயிரோடிருப்பவர் முழுவதையும் எடுக்கும் உரிமையே கிடையாது. சட்டத்தில் இல்லாத அந்த உரிமையை இங்கே ஒரு பட்டா மாறுதல் கொடுத்துவிட்டது. உட்பிரிவு இல்லாத, அதாவது நிலத்தைப் பிரிக்காத, மாறுதல், இறப்புச் சான்று இணைப்பு, இறந்தவர் பெயர் நீக்கம். இருந்த இரண்டு பெயரில் ஒன்றை அடித்தால் மிச்சம் ஒன்று. நீக்கிய இடத்தில் வாரிசுகளின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பட்டா உரிமை ஆவணம் அல்ல, சிவில் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். உண்மைதான், கோர்ட்டில் அது சரி. ஆனால் இந்த மலையில் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் பறித்த தேயிலைக்கு வரும் இலைப் பணம் ஏறுகிறது. வங்கி கேட்பது அதைத்தான், வாங்க வருகிறவர் கேட்பதும் அதைத்தான். தாத்தா பெயரில் பட்டா கிடந்து, பதினாறு பங்காளிகள் வாய்ப்பேச்சில் பிரித்து அனுபவிக்கிற ஹட்டிகள், அதாவது படுகர் ஊர்கள், எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஜென்மி என்ற பழைய நிலவுடைமையாளர்களின் கீழ் இருந்த கூடலூர் ஜென்ம நிலங்களில் அந்தப் பட்டாவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். காகிதம் இத்தனை அரிதான ஊரில், இருக்கிற காகிதம் தப்பாக இருந்தால் அது செய்கிற கேடு பெரிது.

இப்போது என்னை இந்த மடல் எழுத உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். கொலை வழக்கின் காகிதங்களை அந்த அம்மாவின் வக்கீல் காட்டினார். சம்பவம் நடந்த அன்று போலீஸ் அந்த இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரில் இரண்டு சாட்சிக் கையெழுத்து. ஒன்று கிராம நிர்வாக அலுவலருடையது. ஐந்து மாதம் கழித்து வாரிசுச் சான்றுக்கான விசாரணை அறிக்கை. அதிலும் அதே கையெழுத்து, அதே பேனாவோ என்னவோ. "மேற்படி இறந்தவரின் வாரிசுகள்: கணவர்" என்று தொடங்குகிறது. அந்த அலுவலர் கெட்டவர் அல்ல, எனக்குப் பழக்கமானவர்தான். ஒரு கையில் போலீஸ் வேலை, ஒரு கையில் சான்று வேலை, நடுவில் பெய்த மழையில் எந்த ரோடு சரிந்தது என்ற கணக்கு. படிவத்தில் இறந்த தேதிக்குக் கட்டம் இருந்தது. எப்படி இறந்தார் என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை அவர் எழுதவில்லை.

நீங்கள் நீதிபதிகள் அல்ல என்பது எனக்குத் தெரியும். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. விடுதலையாகவும் செய்யலாம். அவரைக் கொலைகாரர் என்று எழுதச் சொல்லவில்லை. பிரிவு 25-லும் 'தண்டிக்கப்பட்டவர்' என்ற சொல் இல்லை, 'கொலை செய்தவர்' என்றுதான் இருக்கிறது; அதைத் தீர்மானிக்க வேண்டியது சிவில் கோர்ட். நான் கேட்பது சின்னது. ஒருவர் இயற்கையாக இறக்கவில்லை, மனுதாரரே அந்த வழக்கில் எதிரி என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதைச் சான்றில் ஒரு வரியாகக் குறியுங்கள்: இன்ன குற்ற எண் நிலுவையில் உள்ளது, வாரிசுரிமை பிரிவு 25-க்கு உட்பட்டது என்று. பட்டாவில் இறந்தவள் பெயரை நீக்கும்போது அந்த இடத்தில் பிள்ளைகள் பெயரை ஏற்றுங்கள். முடியாவிட்டால் தீர்ப்புவரை அவள் பெயரே இருக்கட்டும். செத்தவர்கள் பெயர் ஐம்பது வருடம் பட்டாவில் கிடப்பது நமக்குப் புதிதா? இவள் ஒருத்தி பெயரை எடுப்பதில் மட்டும் என்ன அவசரம்? அவர் விடுதலையானால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பங்கை அன்றைக்கு ஏற்றிக்கொள்ளலாம். விற்றுவிட்டால் பிள்ளைகள் வாங்கியவரோடு காலம் முழுக்கக் கோர்ட் ஏற வேண்டும்.

தகராறு இருந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி மனுவைத் தள்ளுவது உங்கள் வழக்கம். இங்கே தகராறே எழவில்லை, ஏனென்றால் தகராறு செய்ய வேண்டியவள் செத்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு யாரும் தபால் போடவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினால் என்ன?

கார்டியன் விஷயமும் இருக்கிறது. மைனர் பிள்ளைகளுக்கு அப்பாதான் இயற்கைக் கார்டியன் என்று 1956-ம் ஆண்டின் இன்னொரு சட்டம் சொல்கிறது. அம்மாவைக் கொன்றதாக வழக்கில் நிற்பவர், அந்த அம்மாவின் பங்குக்குப் பிள்ளைகள் சார்பில் கையெழுத்துப் போடலாம்! நல்லவேளை, அதே சட்டத்தின் பிரிவு 8, கோர்ட் அனுமதி இல்லாமல் மைனர் சொத்தை விற்கக்கூடாது என்கிறது. பிரிவு 13, பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. ஆனால் அனுமதி இல்லாமல் விற்றால் தானாகச் செல்லாததாகிவிடாது. மைனர் தரப்பு போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். என் தொழில்காரர்கள் "இயற்கைக் கார்டியன்" என்று போட்டுக் கொடுப்பதை நிறுத்தினாலே பாதி தீரும். அதை எங்கள் ஆட்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன், இந்த மடல் உங்களுக்கு.

பிள்ளை இல்லாத பெண்ணாக இருந்திருந்தால் கதை இன்னும் மோசம். வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 15-ன்படி, உயில் எழுதாமல் செத்த பெண் தானே சம்பாதித்த சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் இல்லாவிட்டால் கணவனின் வாரிசுகளுக்கு. அவளைப் பெற்றவர்களுக்கு அதற்கும் பிறகுதான். கணவனை 'முன்பே செத்தவர்' என்று தள்ளினால், அடுத்து வரிசையில் நிற்பது அவருடைய அம்மாவும் அண்ணன் தம்பியும்! எழுத்துப்படி வாசித்தால் இப்படித்தான் வருகிறது. கொன்றவன் வழியாக யாரும் கேட்க முடியாது என்ற 1924 தத்துவத்தை வைத்து வக்கீல்கள் எதிர்த்து வாதாடலாம், வாதாட வேண்டும். வரதட்சணைத் தடைச் சட்டம் இதைவிட விவரமாக இருக்கிறது. மணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால், அவளுக்குச் சேர வேண்டிய வரதட்சணைப் பொருள் பிள்ளைகளுக்கு, பிள்ளை இல்லாவிட்டால் பெற்றோருக்கு என்று பிரிவு 6-ல் எழுதி வைத்திருக்கிறது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் இருக்கிற அந்த நியாயம் அவள் உழைத்து வாங்கிய 42 சென்டுக்கு இல்லை. இது உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் அப்படி ஒரு மனு வந்தால் மாமியார் பெயரை எழுதும் முன் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

எல்லோருக்கும் ஒரே சட்டமும் அல்ல. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் நேராகப் பொருந்தாது. பிரிவு 2 அவர்களை வெளியே வைத்திருக்கிறது. அவரவர் வழக்கம்தான். இஸ்லாமியர்களில் ஹனஃபி வழியில் கொன்றவருக்கு வாரிசுப் பங்கு இல்லை, கை தவறிக் கொன்றாலும் இல்லை. நம் சட்டத்தைவிடக் கறார். கிறிஸ்தவர்களுக்கான 1925 சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவே காணோம். அங்கெல்லாம் நீதி, நியாயம், நல்மனசாட்சி என்ற பழைய கைத்தடிதான். மனுவில் மதம் எதுவாக இருந்தாலும் எப்படி இறந்தார் என்ற கேள்வி ஒன்றுதான்.

அந்த அம்மாவை உதகை கோர்ட் வளாகத்தில் உள்ள சட்ட உதவி மையத்துக்கு அனுப்பினேன். 1987-ம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உங்கள் அலுவலகச் சுவரில் எத்தனையோ அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள், இதையும் ஒட்டலாம். பேரன் பேத்தி பெயரில் வழக்குத் தாக்கல் ஆகிவிட்டது. விற்கக்கூடாது என்று தடை கேட்டிருக்கிறார்கள். இடையில் விற்றாலும் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52-ன்படி வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். அதைச் சொன்ன பிறகு புரோக்கர் அந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் இந்த மாதமும் இலைப் பணம் கணவர் கணக்குக்குத்தான் போனது, பட்டா அவர் பெயரில் இருப்பதால்.

பட்டாவைத் திருத்தக் கேட்டு அந்த அம்மா கொடுத்த மனு உங்களில் ஒருவரின் மேசையில் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. எழுதியவன் நான்தான், பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், லயத்து முகவரிக்கே அனுப்புங்கள். அதை வாசிக்கப்போவது எட்டாவது படிக்கிற பேத்தி. அதனால் 'மேற்படி', 'மேற்காண்', 'இறந்துபோன நபர்' என்றெல்லாம் போடாமல், அவள் அம்மாவின் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்,
நீலகிரி மாவட்டம்.